குண்டுமல்லி அத்தரா, ஜாதிமல்லி அத்தரா?

அத்தர் கடையில் மல்லி வாசம் கேட்டால் இரண்டு சிறு பாட்டில்களை எடுத்து வைப்பார்கள். ஒன்றில் ‘மோதியா’ என்றும் மற்றொன்றில் ‘சமேலி’ என்றும் ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்து மோந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என்ன வித்தியாசம் என்று கேட்டால், “ரெண்டும் மல்லிதானுங்க, புடிச்சதை எடுத்துக்குங்க” என்று பதில் வரும்.

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் போதாது. அங்கே குண்டுமல்லி, ஜாதிமல்லி, முல்லை, காக்கடா எல்லாம் தனித்தனிக் குவியல், தனித்தனி விலை. சென்ட் கடைக்கு வந்ததும் எல்லாம் ‘ஜாஸ்மின்’ ஆகிவிடுகிறது. மோதியா என்பது குண்டுமல்லி. பேலா, மோக்ரா என்ற பெயர்களில் வருவதும் அதுதான். சமேலி என்பது ஜாதிமல்லி. மதுரைப் பக்கம் போனால் அதுவே பிச்சி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 பிச்சி ரகங்களும் இந்த ஜாதிமல்லியைச் சேர்ந்தவை. ‘ஜூஹி’ என்று எழுதியிருந்தால் அது முல்லை, மூன்றாவது ஆள். பாட்டிலில் தாவரப் பெயர் இருந்தால் குழப்பமே இல்லை: ஜாஸ்மினம் சம்பாக் என்றால் குண்டுமல்லி, ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம் என்றால் ஜாதிமல்லி.

எதை வைத்து ஒப்பிடுவது

பாட்டிலை மோந்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறிவிடும். பழகாத மூக்குக்கு முதல் பத்து நிமிடத்தில்தான் இவை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதன் பிறகு வழி பிரிந்துவிடும். ஆகவே ஆறு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அரை மணி கழித்து வாசம் எப்படி மாறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, ஈரோடு, கரூர் வெயிலில் எப்படி நடந்துகொள்கிறது, தலையில் வைக்கும் பூவோடு ஒத்துப்போகிறதா, தோலுக்கும் துணிக்கும் என்ன செய்கிறது, ஒரு நாளைக்கு என்ன செலவு.

| | குண்டுமல்லி (மோதியா) | ஜாதிமல்லி (சமேலி) |
|---|---|---|
| முதல் வாசம் | பச்சை இலைச் சாயல், கூர்மை | உருண்டையான இனிப்பு, பழச் சாயல் |
| இரண்டு மணி கழித்து | லேசாகி, தேயிலை போல | கனத்து, கதகதப்பாக |
| நிற்கும் நேரம் | குறைவு | கூடுதல் |
| சித்திரை வெயில் | தாங்கும் | அளவு மீறினால் திகட்டும் |
| தோல் மீது எச்சரிக்கை | ஓரளவு | மிகவும் |
| வெள்ளைத் துணி | கறை விழும் | கறை விழும் |
| 1 கிலோ அப்சொல்யூட்டுக்கு (பூவிலிருந்து எடுக்கும் செறிந்த வாசனைச் சாரம்) வேண்டிய பூ | ஏறக்குறைய 1,250 கிலோ | ஏறக்குறைய 700 கிலோ |

குண்டுமல்லி

வியாபாரத்துக்குக் காலையில் பறிப்பது மொட்டு. மொட்டில் வாசம் இல்லை. பொழுதோட விரியத் தொடங்கி, இரவில்தான் மணத்தைக் கொட்டும். அதனால்தான் அப்சொல்யூட் எடுக்கும் ஆலைகளில் பகலில் வாங்கிய மொட்டைப் பரப்பி வைத்து, விரிந்த பிறகு இரவில் கரைப்பானில் போடுகிறார்கள். முதலில் கிடைப்பது மெழுகு கலந்த ‘கான்கிரீட்’. அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடித்தால் அப்சொல்யூட். 100 கிலோ குண்டுமல்லியில் 140 முதல் 190 கிராம் வரை கான்கிரீட் கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதிதான் அப்சொல்யூட்டாகத் தேறும்.

இதன் வாசத்தில் லினலூல், பென்சைல் அசிடேட், ஆல்ஃபா ஃபார்னசீன் ஆகிய வாசனைப் பொருட்கள் தூக்கலாக இருக்கும். ஆரஞ்சுப் பூவில் இருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் கொஞ்சம் உண்டு. இவற்றில் பல சீக்கிரம் ஆவியாகிறவை. முகத்துக்கு நேரே பளிச்சென்று வந்து, அதே வேகத்தில் மெலிவதற்குக் காரணம் அதுதான். பச்சைத் தன்மையும் இதனால்தான். மல்லித் தேயிலைக்குச் சீனத்தில் குண்டுமல்லியைப் பயன்படுத்துவதால், நெடுநேரம் கழித்து இதை மோந்தால் ஆறிய தேநீர் நினைவுக்கு வரும்.

பகல் வேலைக்கு இது தோதானது. திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் ஆவிக்கு நடுவில் நிற்பவருக்கும், டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்துக் கோவைக்கு வருபவருக்கும், வெப்பம் ஏற ஏற மணமும் ஊதிப் பெருக்கும். குண்டுமல்லி ஊதினாலும் விரைவில் தணிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறக்க வேண்டிய நிலை வராது.

குறை எங்கே என்றால், மதியம் ஒரு மணிக்கு மேல் நெருங்கி மோந்தால்தான் தெரியும். சிறு பாட்டிலைக் கைப்பையில் எடுத்துப் போய் மீண்டும் ஒரு தொடு தொட வேண்டியிருக்கும். இது செலவில் சேரும்.

ஜாதிமல்லி

இதழின் வெளிப்புறம் இளஞ்சிவப்புப் பூசியது போல இருக்கும், காம்பு நீளம். கிலோவுக்கு ஏறக்குறைய 10,000 பூ பிடிக்கும் என்பதால் பறிகூலிதான் இதன் பெரிய செலவு. சென்ட்டுக்கு எடுப்பதானால் இரவில் விரிந்த பூவை விடிகாலையில், வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். எண்ணெய்ச் சத்தில் இது தாராளம்: 100 கிலோவுக்கு 250 முதல் 320 கிராம் வரை கான்கிரீட். குண்டுமல்லியைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. உலகச் சந்தைக்கு ஜாதிமல்லி அப்சொல்யூட் பெரும்பாலும் எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போகிறது.

பென்சைல் அசிடேட் இதிலும் முதலிடத்தில். அதோடு பென்சைல் பென்சோயேட், ஃபைட்டால் போன்ற கனத்த சரக்குகள் இருக்கின்றன. அவை எளிதில் ஆவியாகாமல் தோலோடு படிந்து நிற்கும். குண்டுமல்லியில் கிட்டத்தட்ட இல்லாத சிஸ்-ஜாஸ்மோன் இதில் உண்டு. பழமும் தேனும் கலந்தது போன்ற அந்த உருண்டைத்தன்மைக்கு இது ஒரு காரணம். பிரெஞ்சு வாசனைத் திரவியங்களில் ‘ஜாஸ்மின்’ என்று சொன்னால் மரபாக இந்தப் பூதான். 1921-ல் வந்த ஷனெல் நம்பர் 5 சென்ட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த, பிரான்சின் கிராஸ் ஊர் மல்லிகை, நம் ஜாதிமல்லியின் இனமே.

இன்டோல் என்ற வாசனைப் பொருள் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பூவிலும் உண்டு. மிகச் சிறு அளவில் மலர்ச்சியைக் கொடுப்பதும், அளவு கூடினால் பாச்சா உருண்டை போலவும், வாடிய சரம் அறையில் கிடப்பது போலவும் தோன்றவைப்பதும் இதே பொருள்தான். ஜாதிமல்லி மெதுவாக இறங்குவதால் இந்த நெடி நீண்ட நேரம் நம்மோடு இருக்கும். சிலருக்கு அதுவே போதை, சிலருக்குத் தலைவலி. ஒற்றைத் தலைவலி உள்ளவர் வீட்டில் இருந்தால், ஜாதிமல்லியை அவர் முன்னால் சோதித்துவிட்டே வாங்குங்கள்.

மாலை நேரத்துக்கும் மார்கழிக் குளிருக்கும் இதற்கு இணை கிடையாது. மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ஆடிக்காற்றில் வெளியில் நிற்க வேண்டிய நிகழ்ச்சி எதுவானாலும் சரி. அம்மியை நகர்த்தும் காற்றில் குண்டுமல்லி பத்து நிமிடத்தில் காணாமல் போகும், ஜாதிமல்லி தாக்குப்பிடிக்கும். சரவணம்பட்டி ஐடி அலுவலகத்து ஏசி அறையில் மட்டும் இதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்காராதீர்கள். மூடிய அறையில் சுற்றும் காற்று உங்கள் வாசத்தை நாற்பது பேருக்குப் பகிர்ந்து கொடுக்கும்.

பூவைவிட முக்கியமானது அடி எண்ணெய்

இவ்வளவும் உண்மையான சரக்குக்குப் பொருந்தும். கடையில் கிடைப்பது அதுவா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பணம் போகிறது.

உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜ் முறை அத்தரில் செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டுக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய் உள்ள பாத்திரத்தில் இறக்குவார்கள். அண்டாவுக்கு ‘டேக்’, வாங்கும் பாத்திரத்துக்கு ‘பப்கா’. ஆக, அந்த அத்தரில் கடைசிவரை நிற்பது சந்தனம். மல்லி அதன் மேல் ஏறி உட்கார்ந்த விருந்தாளி. சந்தன எண்ணெய் கிலோ லட்சத்தைத் தாண்டும் சரக்கு. அதனால் இன்று பல அத்தர்களில் அடி எண்ணெயாக டிஓபி, லிக்விட் பாரஃபின், டைபுரோபிலீன் கிளைக்கால் (டிபிஜி) ஆகியவற்றில் ஒன்று இருக்கும். டிஓபி என்பது பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள். நாள்தோறும் தோலில் தேய்க்கத் தகுந்ததல்ல. கடையில் “அடி என்னங்க?” என்று கேளுங்கள். ‘சந்தனம்’ அல்லது ‘டிபிஜி’ என்று தெளிவாகச் சொல்கிறவரிடம் வாங்கலாம். ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று மழுப்பினால் வேறு கடை பார்க்கலாம்.

விலையை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மார்க்கெட்டில் குண்டுமல்லி முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், வரத்து கூடினால் சில நூறுக்கு இறங்கும். விலை சரியும்போதுதான் சென்ட் ஆலைக்குப் பூ போகும். மிகக் குறைவாக, கிலோ 200 ரூபாய் என்றே வையுங்கள். ஒரு கிராம் அப்சொல்யூட்டுக்கு 1.25 கிலோ பூ, அதாவது பூச்செலவு மட்டும் 250 ரூபாய். ஜாதிமல்லியும் அதே விலை என்றால் 700 கிராம் பூவுக்கு 140 ரூபாய். ஆள்கூலி, கரைப்பான், கரண்டு, வடிப்பு எதுவும் இதில் சேரவில்லை. 12 மில்லி ‘சுத்த மல்லி அத்தர்’ 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதில் எத்தனை மல்லி இருக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

செயற்கை என்பதாலேயே தள்ளிவிட வேண்டியதில்லை. மல்லிகை அப்சொல்யூட்டை ஆராய்ந்ததில் பிறந்த ஹெடியோன் என்ற பொருள் 1966-ல் டியோர் நிறுவனத்தின் ஓ சவாஜ் சென்ட் மூலம் உலகம் அறிந்தது. காற்றோட்டமான மல்லி வாசத்துக்கு அது இன்றும் அடிப்படை. தேர்ந்த கையில் செயற்கை மல்லி, மோசமான ‘இயற்கை’யைத் தோற்கடிக்கும். பொய் லேபிளுக்குக் கொடுக்கும் காசுதான் வீண். உண்மையான அத்தர் கைக்கு எட்டாது என்றால், டிஓபி அத்தரைவிட நல்ல ஆல்கஹால் ஸ்ப்ரே மேல். அங்கும் அதே விதி: பச்சைச் சாயலுக்கு ‘சம்பாக்’, கனத்துக்கு ‘கிராண்டிஃப்ளோரம்’.

நாள் செலவு

ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. 3 மில்லி பாட்டிலில் 60 சொட்டு. குண்டுமல்லி காலை ஒன்று, மதியம் ஒன்று என்றால் ஒரு மாதம். ஜாதிமல்லிக்கு ஒரே சொட்டு போதும், இரண்டு மாதம். ஆக, ஜாதிமல்லி பாட்டில் ஒன்றரை மடங்கு விலை சொன்னாலும் நாள் கணக்கில் அதுவே மலிவு. ஸ்ப்ரேயில் ஒரு அழுத்தலுக்கு ஏறக்குறைய 0.1 மில்லி: 50 மில்லி பாட்டில், நாளுக்கு நான்கு அழுத்தல் என்றால் நான்கு மாதம் வரும்.

தோலும் துணியும்

தோல் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. பாதுகாப்பு வழிகாட்டிகளில் தோல் மேல் பூசும் கலவையில் ஜாதிமல்லி அப்சொல்யூட்டுக்கு 0.7 சதவீதமும், குண்டுமல்லிக்கு 4 சதவீதமும் உச்சவரம்பாகச் சொல்லப்படுகின்றன. ஒவ்வாமை தூண்டும் தன்மை ஜாதிமல்லியில் கூடுதல் என்பதே காரணம். அப்சொல்யூட் வாங்கி வீட்டில் கலப்பவர்களுக்கு இது முக்கியம். 10 மில்லி எண்ணெய்க்கு ஜாதிமல்லி ஒரு சொட்டுக்கு மேல் போடாதீர்கள். குண்டுமல்லி எட்டு சொட்டு வரை அனுமதி உண்டு. மூன்று, நான்கே தாராளம். அப்சொல்யூட் பாகு போல இறுகியிருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், அடுப்பில் காட்ட வேண்டாம்.

கலக்க எந்த எண்ணெய்? கொங்கில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். செக்கெண்ணெய் தன் வாசத்தாலேயே மல்லியை அமுக்கிவிடும், மார்கழியில் உறைந்தும் போகும். உறையாத, மணமில்லாத பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெய் அல்லது ஜொஜோபா எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எது வாங்கினாலும் முழங்கை மடிப்பின் உட்புறம் ஒரு துளி தொட்டு, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அதைக் கழுத்துக்குக் கொண்டு போக வேண்டாம். கைக்குட்டையில் மட்டும் வைக்கலாம்.

துணியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குற்றவாளி. அப்சொல்யூட்டின் நிறமே ஆரஞ்சு, நாள்பட நாள்பட இன்டோல் கருக்கும். வெள்ளை வேட்டியிலும் சட்டைக் காலரிலும் விழுந்த மஞ்சள் வட்டம் சலவைக்கும் அசையாது. பட்டுச்சேலையில் எண்ணெய் அத்தர் பட்டால் கறை, ஆல்கஹால் ஸ்ப்ரே பட்டால் சாயத்துக்கும் ஜரிகைக்கும் ஆபத்து. குளித்து ஈரம் துடைத்த பின் தோலில் தொட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் சேலையைச் சுற்றுங்கள். ஆண்களுக்குப் பழைய வழியே நல்ல வழி: பஞ்சில் தொட்டுக் காது மடலுக்குள் வைத்துக்கொள்வது. துணிக்கும் ஒன்றும் ஆகாது, தோலிலும் அதிகம் படாது.

தலையில் பூ இருந்தால்

இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலை ஐந்து மணி முகூர்த்தத்துக்குப் புதுமொட்டுச் சரம் வைத்தால் அது மணக்காது. மணப்பது முந்தின இரவு விரிந்த பூ. மொட்டு வைத்தவர்களுக்குக் காலையில் குண்டுமல்லி அத்தர் சரியாகக் கை கொடுக்கும். அதே மொட்டு பொழுதோட விரியும்போது, மேலே மீண்டும் குண்டுமல்லி தொட்டால் இன்டோல் இரட்டிப்பாகி நெடி ஏறும். மாலையில் அத்தரே வேண்டாம், பூ போதும்.

தலையில் ஜாதிமல்லி, மணிக்கட்டில் குண்டுமல்லி என்றால் அழகாகச் சேரும்: பூவின் கனத்தை அத்தரின் பச்சை தூக்கிக் கொடுக்கும். மாற்றிச் செய்தால், அதாவது குண்டுமல்லிச் சரத்தோடு ஜாதிமல்லி அத்தர் என்றால், அத்தர் பூவை விழுங்கிவிடும். காக்கடாவுக்கும் கனகாம்பரத்துக்கும் சொந்த மணம் குறைவு என்பதால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

கடையில் சோதிக்கும் முறை

கோவை டவுன்ஹால் பக்கத்துக் கடையாகட்டும், ஈரோட்டுக் கடையாகட்டும், மாலைக்குள் முடித்துவிடும் எண்ணத்தோடு போகாதீர்கள். அன்று தலையில் பூ, வாசனைப் பவுடர், டியோடரன்ட் எதுவும் வேண்டாம். தடித்த வெள்ளைக் காகிதத்தை நான்கு துண்டாக நறுக்கி எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றிலும் பெயரை எழுதிவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். எழுதாமல் விட்டால் பத்தாவது நிமிடத்தில் எது எது என்று தெரியாது. உடனே ஒரு தடவை, இருபது நிமிடத்தில் ஒரு தடவை, இரண்டு மணி கழித்து ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை மோந்து பாருங்கள். நடுவில் மூக்கு மங்கினால் காப்பிக்கொட்டை தேட வேண்டாம். உங்கள் சட்டைக் கையை மோந்தாலும், வெளியே போய்ச் சித்த நேரம் நின்றாலும் அதே பலன்தான்.

மறுநாள் காகிதம் பேசும். சந்தன அடி என்றால் மென்மையான பால் போன்ற வாசம் மிஞ்சியிருக்கும். வாசமே இல்லாமல் பளபளவென்று எண்ணெய் வட்டம் மட்டும் மிஞ்சினால் அடியில் இருப்பது பாரஃபின் அல்லது டிஓபி வகை. முதல் மோப்பத்திலிருந்து மறுநாள் வரை ஒரே இனிப்பு மாறாமல் நின்றால் அது முழுச் செயற்கை. இயற்கைச் சரக்கு இறங்கி, நிறம் மாறி, மங்கும்.

காகிதத்தில் தேறியதைத் தோலில் பாருங்கள். இடது மணிக்கட்டில் குண்டுமல்லி, வலதில் ஜாதிமல்லி. இரண்டையும் உரசாதீர்கள், கலந்துவிடும். அப்படியே வெயிலில் இரண்டு தெரு நடந்து வாருங்கள். ஏசி கடைக்குள் தேர்ந்த பாட்டில் கரூர் பஸ் ஸ்டாண்டில் வேறு முகம் காட்டும்.

வாங்கிய பிறகு

சித்திரையில் டூவீலர் சீட்டுப் பெட்டியிலும் கார் டேஷ்போர்டிலும் வைத்த பாட்டில் ஒரு மாதத்தில் கெட்டுவிடும். குண்டுமல்லி முதலில் தன் பச்சையை இழக்கும், பிறகு வெறும் புளிப்பு இனிப்பு. பாச்சா உருண்டை போட்ட பீரோவுக்குள்ளும் வேண்டாம். அந்த வாசம் பாட்டிலின் வெளிப்புறத்திலும் மூடியிலும் ஏறி, இன்டோலோடு சேர்ந்து எது எதிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் செய்துவிடும். வெளிச்சம் படாத மர அலமாரி போதும், ஃப்ரிட்ஜ் கதவும் நல்லது. பெரிய பாட்டிலில் பாதி காலியானதும் மீதியைச் சிறு பாட்டிலுக்கு மாற்றுங்கள், உள்ளே நிற்கும் காற்றுதான் மணத்தைத் தின்கிறது.

யாருக்கு எது

வெயிலில் வேலை, பஸ் பயணம், அலுவலக ஏசி, எளிதில் அரிக்கும் தோல், மணத்துக்குச் சட்டென்று தலைவலி வரும் வீட்டார் இதில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் குண்டுமல்லி. மாலை விருந்து, மலைக்காற்று, ஒரு தடவை தொட்டுவிட்டு இரவுவரை மறந்துவிட வேண்டும், தலையில் பூ வைக்கும் பழக்கமில்லை என்றால் ஜாதிமல்லி. ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பதானால் குண்டுமல்லியே பத்திரம்: பிடிக்காவிட்டாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவே தவிப்பவர்கள் 12 மில்லியில் ஒன்று வாங்குவதைவிட 3 மில்லியில் இரண்டும் வாங்கலாம். ஒரு மாதம் மாறி மாறிப் பூசிவிட்டு, எந்தப் பாட்டில் முதலில் தீர்கிறது என்று பாருங்கள். குண்டுமல்லிக்கு நாளுக்கு இரண்டு சொட்டு பிடிக்கும் என்பதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.